வளைவைத் தீர்மானித்த அச்சுப்பலகை

கல் வளைவு ஒன்றின் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஒவ்வொரு கல்லிலும் முன்முகமும் அடிமுகமும் மட்டுமே தெரியும். வளைவை நிற்கவைப்பவை அவை அல்ல. பக்கத்துக் கல்லோடு ஒட்டி மறைந்திருக்கும் இரண்டு மூட்டு முகங்கள் எந்தச் சாய்வில் செதுக்கப்பட்டன என்பதைப் பொறுத்தே வளைவின் ஆயுள் அமைகிறது. பழைய கட்டடங்களைப் பற்றி எழுதுபவர்கள் வளைவுகளின் வடிவத்தைச் சமயம், அழகுணர்ச்சி, காலத்தின் ரசனை ஆகியவற்றைக் கொண்டு விளக்குவது வழக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் கல்தச்சரின் பட்டறையிலிருந்து பார்த்தால் இன்னொரு கேள்வி முந்திக்கொண்டு வரும். இந்த வளைவுக்கு எத்தனை விதமான கல் வெட்ட வேண்டும்? எத்தனை அச்சுப்பலகை தேவைப்படும்?

அச்சுப்பலகை என்பது கல்லின் ஒரு முகத்தை அதன் உண்மை அளவில் வெட்டிவைத்த மெல்லிய பலகை அல்லது தகடு. அதைக் கல்மேல் வைத்து ஓரமாகக் கோடு கீறிவிட்டால், எஞ்சியது உளியின் வேலை. பலகையைத் தயாரிக்க வேண்டுமென்றால் கட்டடம் எழும்புவதற்கு முன்பே அதன் ஒவ்வொரு கல்லின் வடிவமும் தரையில் வரைந்து தெரிந்திருக்க வேண்டும். செங்கல் வேலையில் சிறு பிழையைச் சாந்தைக் கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டலாம். வெட்டுக்கல் மூட்டில் சாந்து மிக மெல்லியது. ஸ்பெயினின் செகோவியா நீர்வழிப் பாலத்தில் ரோமானியர்கள் அதுகூட இல்லாமல் கிரானைட் கற்களை வெறுமனே பொருத்தினார்கள். மேலும், கடைசிக் கல் இறங்கும்வரை வளைவு தன் காலில் நிற்காது, மரச் சென்ட்ரிங்தான் அதைச் சுமக்கும். உயரத்தில் போய்ப் பொருந்தவில்லை என்று கண்டால், கல்லைத் திரும்பக் கீழே இறக்க வேண்டும்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கும் பழைய வழி ஒன்று உண்டு. கற்களைப் படுகிடையாகவே அடுக்கி, ஒவ்வொரு வரியையும் கீழ்வரியைவிடச் சற்று உள்ளே தள்ளிக்கொண்டே போவது. கிரீஸில் மைசினியின் அட்ரியஸ் கருவூலம் அப்படிக் கட்டப்பட்டது. சுமார் 14.5 மீட்டர் விட்டமுள்ள அந்த அறையை மூடியிருப்பது குவிமாடம் போலத் தெரிந்தாலும், உள்ளே படுக்கைகள், அதாவது கல்மேல் கல் அமரும் முகங்கள், எல்லாம் கிடைமட்டம். நீட்டிக்கொண்டிருந்த முனைகளைச் செதுக்கி வழுவழுப்பாக்கியதால்தான் அந்த வளைந்த தோற்றம். மெய்யான வளைவில் படுக்கையே சாய்கிறது. ஆப்பு வடிவக் கல் கீழே நழுவப் பார்க்கும்போது பக்கத்துக் கற்களை நெருக்குகிறது, அந்த நெருக்கம் கல்லுக்குக் கல் கைமாறிக் கடைசியில் தாங்குசுவருக்குப் போய்ச்சேர்கிறது. அந்தச் சாய்வு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

கல்தச்சர்களின் விதி எளிமையானது: மூட்டு, வளைவின் அடிமுக வளைகோட்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். காரணங்கள் இரண்டு. கற்களுக்கிடையே ஓடும் அழுத்தம் ஏறத்தாழ வளைவின் போக்கிலேயே செல்வதால், மூட்டு அதற்குக் குறுக்காக நின்றால் கல் வழுக்காது. அடுத்தது, செங்குத்தாக வெட்டினால் கல்லின் இரண்டு விளிம்புகளும் ஒத்த பலத்தோடு இருக்கும். சாய்த்து வெட்டினால் ஒரு விளிம்பு கூராகி, பாரம் ஏறியதும் சிதறிவிடும்.

அரைவட்டத்தில் இந்த விதி தானாகவே நிறைவேறிவிடுகிறது. மையத்திலிருந்து புறப்படும் எந்தக் கோடும் வட்டத்துக்குச் செங்குத்து. ஓர் ஆணியும் ஒரு நூலும் போதும். 3 மீட்டர் அகல வளைவை 9 கற்களால் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கல்லுக்கும் 20 பாகை. கல்லின் உயரம் 45 சென்டிமீட்டர் என்றால், அடி விளிம்பு சுமார் 52 சென்டிமீட்டர், மேல் விளிம்பு சுமார் 68. ஒன்பதும் அச்சு அசல் ஒன்றே. ஒரே பலகையைக் கொடுத்து ஒன்பது பேரிடம் வேலையைப் பிரித்துவிடலாம். யாருடைய கல் எந்த இடத்துக்குப் போகிறது என்ற கவலைகூட வேண்டாம். அரைவட்டம் இத்தனை நூற்றாண்டுகள் கோலோச்சியதற்கு அதன் பலம் காரணமல்ல. பலம் என்று பார்த்தால் அது அவ்வளவு சிறந்த வடிவம்கூட இல்லை.

உச்சியில் இருக்கும் முடிக்கல்லுக்குக் கிடைத்திருக்கும் புகழைப் பற்றியும் ஒரு வார்த்தை. கற்களை ஒற்றைப்படை எண்ணிக்கையில் வைத்து நடுவில் ஒன்றை நிறுத்துவது வழக்கம், கண்ணுக்கும் அது நிறைவு. ஆனால் எந்தக் கல்லை உருவினாலும் வளைவு விழும். கடைசியில் இறங்கியது என்பதைத் தவிர முடிக்கல்லுக்குத் தனி மகிமை எதுவும் இல்லை.

இந்தக் கற்களின் இயக்கத்தைக் கணிதத்தால் பிடிக்க முயன்றவர்களில் முக்கியமானவர் பிரான்ஸின் பிலிப் த லா ஹீர். மூட்டுகளில் உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கல்லும் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று அவர் 1695இல் ஆராய்ந்தார். அவரது முறையை நம் ஒன்பது கல் வளைவுக்குப் பொருத்திப் பார்த்தால் வேடிக்கையான விடை வருகிறது. முடிக்கல்லின் எடை 1 என்றால், அடுத்த கல் 1.14, அதற்கடுத்தது 1.74, பிறகு 4.41. சுவர்மேல் உட்காரும் கடைசிக் கல்லுக்கு எல்லையற்ற எடை வேண்டும். அப்படி ஒரு கல் எங்கும் கிடையாது, ஆனாலும் அரைவட்ட வளைவுகள் நிற்கின்றன. ஆக, அவற்றை நிறுத்துவதில் உராய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. 1773இல் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலோம் தன் ஆய்வில் உராய்வையும் சேர்த்துக்கொண்டார். கல்தச்சர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வட்டத்தை விட்டு விலகினால் செலவு ஏறத் தொடங்கும். ஆற்றுப் பாலங்களுக்கு அகலம் அதிகம், உயரம் குறைவு. அதற்கு ஏற்ற அழகான வடிவம் நீள்வட்டம். ஆனால் நீள்வட்டத்தில் வளைவின் கூர்மை இடத்துக்கு இடம் மாறுகிறது. செங்குத்தும் ஒரே மையத்தை நோக்கிப் போகாது. பாதி வளைவில் எத்தனை கற்கள் உண்டோ அத்தனை பலகைகள் வேண்டும். கட்டுநர்கள் இதற்கு மாற்றாக, வெவ்வேறு ஆரமுள்ள வட்டத் துண்டுகளைத் தொடுத்து நீள்வட்டம் போலவே தோன்றும் வளைவை வரைந்தார்கள். மூன்று மையம், ஐந்து மையம் என்று தேவைக்கேற்ப. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் மூட்டுகள் அந்தந்த மையத்தைப் பார்க்கும், கற்கள் ஒன்றுபோல் இருக்கும். பாரிஸுக்கு அருகே ஜான் ரொடோல்ஃப் பெரோனே கட்டி 1774இல் நிறைவு பெற்ற நொய்யி பாலத்தில் 39 மீட்டர் அகல வளைவுகள் ஐந்து. ஒவ்வொன்றும் 11 மையங்களிலிருந்து வரையப்பட்டது. பதினொரு மையம் வரை போனவர் நேராக நீள்வட்டத்தையே வரைந்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். பட்டறைக்கு அது ஒன்றல்ல.

இரண்டு வளைகூரைகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்தில் விஷயம் உண்மையிலேயே சிக்கலாகிறது. பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்ததுபோன்ற இரண்டு கூரைகள் செங்கோணத்தில் சந்தித்தால், அவற்றின் வெட்டுக்கோடுகள் அறையின் மூலைவிட்டங்களில் அமையும். 6 மீட்டர் சதுர அறை என்றால் பக்க வளைவு 3 மீட்டர் உயரமுள்ள அரைவட்டம். மூலைவிட்டம் 8.49 மீட்டர். ஆனால் உயரம் அதே 3 மீட்டர்தான், ஆகவே வெட்டுக்கோடு அரைவட்டமாக இருக்க முடியாது, நீள்வட்டமாகத்தான் இருக்கும். அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. வெட்டுக்கோட்டில் உட்காரும் கல் இரண்டு கூரைகளுக்கும் சொந்தம். அதன் அடியில் இரண்டு முகங்கள் சந்திக்கும் கோணம், கூரை தொடங்கும் இடத்தில் 90 பாகை. மேலே போகப்போக விரிந்து உச்சியில் 180 பாகை. அடுத்தடுத்த இரண்டு கற்கள்கூட ஒன்றுபோல் இராது. ரோமானியர்கள் பெரிய மண்டபங்களின் குறுக்குக் கூரைகளைக் கான்கிரீட்டில் வார்த்து இந்தத் தலைவலியிலிருந்து தப்பினார்கள்.

இடைக்காலக் கல்தச்சர்களின் விடை வேறு. இங்கிலாந்தில் 1093இல் தொடங்கிய டர்ஹாம் பேராலயத்திலிருந்து கோதிக் கட்டடங்கள் நெடுக, கூரையின் சந்திப்பில் தனியாக ஒரு கல் வளைவு விலா எலும்புபோல் ஓடுகிறது. கோதிக் கட்டுநர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டார்கள். இரு கூரைகள் சந்தித்து என்ன கோடு வருகிறது என்று பார்க்காமல், முதலில் மூலைவிட்ட விலாவையே வட்ட வில்லாக வரைந்துவிட்டார்கள். நம் 6 மீட்டர் அறையில் அது 4.24 மீட்டர் உயரும். பக்க வளைவு அரைவட்டமாக இருந்தால் 3 மீட்டரோடு நின்றுவிடும், 1.24 மீட்டர் குறையும். அங்கேதான் கூர்முனை வளைவு கைகொடுத்தது. இரண்டு வட்டத் துண்டுகளைச் சாய்த்து நிறுத்தினால், அதே அகலத்தில் வேண்டிய உயரத்தை எட்டலாம். மூலைவிட்ட விலாவின் ஆரத்தையே பக்க வளைவுக்கும் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் ஒரே வளைவுப் பலகை. கோதிக் என்றதும் விண்ணை நோக்கி எழும் ஆன்மா என்று எழுதுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. விலாக்களுக்கு வேறு பயன்களும் உண்டு. சென்ட்ரிங் மரம் மிச்சமாகிறது, கோணல்மாணலான சந்திப்பு மறைகிறது. ஆனால் கவராயத்தைத் திருப்பி அமைக்காமலேயே அடுத்த வளைவை வரையலாம் என்பது கல்தச்சருக்குக் கிடைத்த நேரடி லாபம்.

துல்லியம் முழுவதும் விலாவிலும் அது பிறக்கும் இடத்திலும் செலவானது. பல விலாக்கள் ஒரே தூணின் தலையிலிருந்து கிளம்பும்போது தொடக்கத்தில் ஒன்றையொன்று நெருக்கும். அங்கே தனித்தனி ஆப்புகளுக்கு இடமில்லை. எனவே முதல் சில வரிகளைக் கிடைமட்டப் படுக்கையுள்ள பெரிய கற்களாக வைத்து, அவற்றிலேயே எல்லா விலாக்களின் தொடக்கத்தையும் செதுக்கினார்கள். ஒரே கல்லின் மேல்முகத்துக்கு ஒரு பலகை, அடிமுகத்துக்கு இன்னொன்று. விலாக்களுக்கு நடுவே நிரப்பிய கற்களோ சிறியவை, அவற்றில் சாந்து தாராளம்.

இந்த வரைபடங்களெல்லாம் உண்மை அளவிலேயே வரையப்பட்டன. யார்க், வெல்ஸ் பேராலயங்களில் கல்தச்சர்கள் கோடு கீறிய சாந்துத் தளங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றாகக் கீறிய கோடுகள். துருக்கியின் டிடிமாவில் முடிக்கப்படாத அப்போலோ கோயிலின் சுவர்களில் அதைவிடப் பழைய கிரேக்கக் கட்டட வரைபடங்கள் 1979இல் கண்டுபிடிக்கப்பட்டன. காகிதத்தில் வரைந்து பெருக்கிக் கணக்கிடுவதைவிடத் தரையில் உண்மை அளவில் வரைந்து நேராகப் பலகையை வெட்டிக்கொள்வதில் பிழைக்கு இடம் குறைவு.

குவிமாடத்தில் வேறொரு முட்டுக்கட்டை. உருளையின் மேற்பரப்பைத் தட்டையாக விரித்துவிடலாம், கோளத்தை முடியாது. ஆரஞ்சுத் தோலை மேசையில் அழுத்தினால் கிழியும். தட்டையான பலகையை வைத்துக் கோளக் கல்லில் எப்படிக் கோடு கீறுவது? பதினாறாம் நூற்றாண்டின் வரைமுறைகளில், ஸ்பெயினின் அலோன்சோ த வாண்டெல்வீராவின் கையெழுத்துப் படியிலும், வரும் தீர்வு இது: குவிமாடத்தின் ஒவ்வொரு வரியையும் ஒரு கூம்பின் துண்டாக எண்ணிக்கொள். கூம்பை விரிக்கலாம். வரியின் கீழ் விளிம்பையும் மேல் விளிம்பையும் இணைக்கும் நேர்கோட்டை நீட்டினால், அது குவிமாடத்தின் நடு அச்சை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடம்தான் கூம்பின் முனை, அங்கிருந்து எடுத்த தூரமே பலகையை வரையும் ஆரம்.

4 மீட்டர் ஆரமுள்ள குவிமாடத்தில் 45 பாகை உயரத்தில் இருக்கும் வரிக்கு இந்தத் தூரம் ஏறத்தாழ 4 மீட்டர். 80 பாகையில் 70 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். அடிவாரத்திலோ ஆரம் எல்லை கடந்து பலகை நேர்கோடாகிவிடும். வரிக்கு ஒரு பலகை, அந்த வரியின் எல்லாக் கற்களுக்கும் அது போதும். பலகை தட்டை, கல் கோளம், அதனால் சிறு பிழை இருக்கத்தான் செய்கிறது. வரிகள் குறுகலாக இருந்தால் அந்தப் பிழை உளி வீச்சுக்குள் அடங்கிவிடுகிறது.

பலகையே இல்லாமல் வெட்டும் முறையும் உண்டு. வேண்டிய கல்லை முழுதாக அடக்கும் செவ்வகப் பாளம் ஒன்றை எடுத்து, மூலைமட்டம் வைத்துப் படிப்படியாக வேண்டாததைக் கழிப்பது. இதில் வரைதல் வேலை குறைவு, ஆனால் கல் ஏராளமாக வீணாகும். சுரங்கத்திலிருந்து வண்டியேற்றிக் கொண்டுவந்த கல்லில் கணிசமான பங்கு சில்லாகிக் குப்பைக்குப் போகும். பலகை முறையில் கல் மிச்சம், வரைபடத்துக்கு மூளை வேண்டும். எது மலிவு என்பது கல்லின் விலையையும் வரைபவரின் கூலியையும் பொறுத்தது.

இந்த அறிவு பல தலைமுறைகள் வாய்வழியாகவும் கைப்பழக்கத்திலும்தான் சென்றது. அதை முதன்முதலில் விரிவாக அச்சில் கொண்டுவந்தவர் லியோன் நகரக் கட்டுநர் ஒருவரின் மகனான ஃபிலிபேர் தலார்ம். 1567இல் வந்த அவரது நூலின் இரண்டு பாகங்கள் கல் வெட்டும் வரைமுறைக்கே ஒதுக்கப்பட்டவை. அவருக்குப் பெருமை தேடித்தந்தது ஆனே மாளிகையில் அவர் அமைத்த தொங்கு வளைவு. பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஹென்றியின் தனியறையைக் கட்டட மூலையில், கீழே தூண் எதுவும் இல்லாமல் அந்தரத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. தலார்ம் அதைச் சாய்ந்த கூம்பு போன்ற வளைவால் தாங்கினார். அதில் ஒரு கல்போல் இன்னொரு கல் இல்லை. இதுவரை நான் சொல்லிவந்ததற்கு இது நேர் எதிர்: பலகைகளைக் குறைப்பது இங்கே நோக்கமே அல்ல. எவ்வளவு கடினமானதையும் வரைந்துவிட முடியும் என்று காட்டுவதுதான் நோக்கம். செலவு அரசருடையது.

பிரான்ஸில் இந்தக் காட்சி ஆர்வம் நெடுநாள் நீடித்தது. தெற்கே சான் ஜீல் மடாலயத்தின் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சுழற்படிக்கட்டில், வளைகூரையே திருகிக்கொண்டு மேலே ஏறுகிறது. அதைப் பார்க்கவே கல்தச்சர்கள் பயணம் போய்த் தங்கள் பெயர்களை அதன் கற்களில் பொறித்துவிட்டு வந்தார்கள். ஆர்ல் நகர மன்றத்தின் முன்கூடத்தை 1670களில் ஏறத்தாழத் தட்டையான ஒரு கல்கூரை மூடியது. அதன் வடிவமைப்பில் வெர்சாய் அரண்மனையை விரிவாக்கிய ஜூல் ஹார்துவான் மான்சாருக்கு முக்கியப் பங்கு உண்டு.

முழுக்கத் தட்டையாக இருந்தால் அது வளைவா? வாசலின் மேல் கிடையாக ஓடும் தட்டை வளைவில், மூட்டுகள் கீழே எங்கோ ஒரு புள்ளியை நோக்கிச் சாய்ந்திருக்கும். வாசல் அகலத்தைப் பக்கமாகக் கொண்ட சமபக்க முக்கோணத்தின் கீழ்முனையே பெரும்பாலும் அந்தப் புள்ளி. மெய்யான வளைவு கல்லின் தடிமனுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிறது. இங்கே செங்குத்து விதி மீறப்படுகிறது. ஓரத்தில் மூட்டு கிடைமட்டத்தோடு 60 பாகையில் சந்தித்துக் கூரிய விளிம்பு உண்டாகும். அடியில் கடைசிச் சில சென்டிமீட்டரில் மட்டும் மூட்டை மடித்துச் செங்குத்தாக்கி அந்த விளிம்பைக் காப்பாற்றினார்கள்.

1699இல் பொறியாளர் ஜோசஃப் அபேய் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்த தட்டைக் கூரை இன்னும் துணிச்சலானது. அதில் எல்லாக் கல்லும் ஒன்றே. இரண்டு எதிர்ப்பக்கங்கள் உள்நோக்கியும் மற்ற இரண்டு வெளிநோக்கியும் சாய்ந்திருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு கற்களின்மேல் படுத்து, இன்னும் இரண்டைத் தாங்கும். கூரை முழுவதுக்கும் ஒரே ஓர் அச்சு! கீழே ஒழுங்கான சதுரக் கட்டங்கள், மேலே குழிகள். அந்தக் குழிகளை நீக்க செபாஸ்தியன் த்ருஷே பக்கங்களை வளைத்துத் திருத்தினார், வெட்டுவது கடினமானது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இந்தக் கட்டிகள்மேல் பொருளறிவியலாளர்களின் கவனம் திரும்பியது இருபத்தோராம் நூற்றாண்டில்தான்.

வரைதலுக்கும் வெட்டுதலுக்கும் இடையிலான உரசல் ஒருமுறை தெருவுக்கே வந்தது. 1640இல் கணிதர் ஜிரார் தெசார்க் சில பக்கங்களே கொண்ட பிரசுரம் ஒன்றை வெளியிட்டு, எல்லாவிதக் கல் வெட்டுகளுக்கும் பொதுவான ஒரே முறை தன்னிடம் இருப்பதாக அறிவித்தார். விளக்கியது ஒரே ஓர் எடுத்துக்காட்டை. கல்தச்சர்களுக்கு அது புரியவில்லை, புரிந்த அளவு பிடிக்கவும் இல்லை. பட்டறையில் பழுத்த ஜாக் க்யூராபெல் 1644இல் அதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். இரண்டு முறைகளையும் கல்லிலேயே வெட்டிப் பார்த்துவிடலாம் என்று பந்தயம் கட்டும் அளவுக்குப் போனார்கள். தீர்ப்புச் சொல்வது யார் என்பதில் பேச்சு முறிந்தது. தெசார்க் வடிவியல் அறிஞர்களைக் கேட்டார், க்யூராபெல் கல்தச்சு ஆசான்களைக் கேட்டார். போட்டி நடக்கவே இல்லை.

என் பார்வையில் இருவரும் தத்தம் நிலையில் சரி. தெசார்க் தேடியது பொதுமை. கல்தச்சருக்கு வேண்டியதோ இன்றைக்கு வெட்ட வேண்டிய இந்தக் கல்லுக்கான மிகக் குறுக்கான வழி. பொதுமை வென்றது நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து. மெஸியேரின் இராணுவப் பொறியியல் பள்ளியில் கல் வெட்டும் வரைமுறை கற்பித்த காஸ்பார் மோஞ்ஜ், எந்தத் திண்மத்தையும் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்த இரண்டு வரைபடங்களால் முழுதாகக் குறித்துவிடும் முறையை ஒழுங்குபடுத்தினார். 1795இல் பாரிஸில் அதை வெளிப்படையாகப் பாடமாக நடத்தினார். அது விவரண வடிவியல் என்ற தனித் துறையாயிற்று. கல்தச்சர்கள் தரையில் கீறிவந்த கோடுகளே அதன் தாய்வீடு.

ரயில்பாதை வந்தபோது இந்த அறிவுக்குப் புதிய சோதனை. ரயில் சட்டென்று திரும்பாது. ஆற்றையோ சாலையையோ கோணலாகத்தான் கடக்க வேண்டும், வளைவும் கோணலாகிறது. வழக்கம்போல் கல் வரிகளைத் தாங்குசுவருக்கு இணையாக வைத்தால், இரு ஓரங்களிலும் உள்ள துண்டுகளுக்கு எதிர்ப்பக்கத்தில் சுவர் இருக்காது. அழுத்தத்துக்குச் செங்குத்தாக வரிகளைச் சாய்த்தால் அவை சுருள்போல ஏறும். ரயிலுக்கு முன்பே, அயர்லாந்தின் நேஸ் அருகே 1787இல் கால்வாய்ப் பாலம் ஒன்றில் வில்லியம் சாப்மன் இதை முயன்றார். பீட்டர் நிக்கல்சன் 1828இல் இதற்கான வரைமுறையைத் தெளிவாக எழுதிக் கொடுத்தார். உள்முகத்தைத் தாளாக விரி, வரிகளை இணைகோடுகளாக வரை, திரும்பச் சுருட்டு. இங்கிலாந்தின் கீல்டர் பாலம் 1862இல் இம்முறைப்படி எழுந்தது.

இதில் ஒரு குறை உண்டு. விரித்த தாளில் நேராக இருக்கும் கோடுகள், வளைவு முழுவதும் அழுத்தத்துக்குச் சரியான செங்குத்தில் அமைவதில்லை. உச்சிக்கு அருகே சரியாக இருப்பது கீழே வர வர விலகும். எடின்பரோவின் எட்வர்ட் சாங் 1835இல் அந்தக் குறையைக் களைந்து, எங்கும் செங்குத்து தவறாத மடக்கைக் கோடுகளைக் கணக்கிட்டார். கணிதத்தில் அதுவே சரியான விடை. ஆனால் அதில் வரிகள் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் ஒடுங்கியும் போகும், ஒவ்வொரு கல்லுக்கும் தனிப் பலகை வேண்டும். நிக்கல்சன் முறையிலோ, முன்முகத்தில் வெளியே தெரியும் கற்களைத் தவிர மற்றவை எல்லாம் ஒன்றே, செங்கல்லைக்கூட வைத்துக்கொள்ளலாம். ரயில்வே ஒப்பந்ததாரர்கள் பெரும்பாலும் நிக்கல்சன் பக்கமே போனார்கள். சாங்கின் வழியில் கட்டப்பட்ட பாலங்கள் மிகச் சிலவே.